வள்ளிக்குத் தட்டு வாங்கியவள்

முதலில் ஒரு மூச்சுச் சத்தம். பல வருடங்களுக்கு முன்னால், சேவூரில் ஒரு கோயில் முற்றத்தில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பாட வாய் திறப்பதற்கு முன் உள்ளே இழுத்துக்கொண்ட மூச்சு. மைக் அதையும் விடாமல் பிடித்து ஒலிபெருக்கியில் அனுப்பியது. காய்ந்த சோளத்தட்டைக்குள் காற்று நுழைந்து வெளியேறியது போலிருந்தது. அடுத்த நொடி, நான் பாதியில் விட்டிருந்த அடியை அந்தக் குரல் எடுத்து முடித்தது. அன்று முதல் நான் பயமில்லாமல் கதை சொன்னேன்.

கதாகாலட்சேபம் செய்கிறவளுக்குக் கண் கூட்டத்தின் மேல் இருக்கும். காது முதுகின் மேல் இருக்கும். நான் நின்றுகொண்டு, கையில் சிப்ளாக்கட்டையைத் தட்டியபடி கதை சொல்வேன், நடுநடுவே பாடுவேன். மூச்சு முட்டும் இடத்தில் அடியைப் பாதியில் விட்டுவிடுவேன். பின்னால் இருப்பவள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்பாட்டு என்று பெயர். மாலையும் பொன்னாடையும் முன்னால் நிற்பவளுக்கு. ஆனால் முன்னால் நிற்பவள் விழாமல் இருப்பது பின்னால் இருப்பவளால். மேடையேறிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். வெளியே சொல்லமாட்டோம்.

என் பின்பாட்டுக்காரியின் பெயர் ராஜாமணி. முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பம். வீட்டுத் தறிகளை விற்றபிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். பகலெல்லாம் துணியில் ஓட்டையும் பிசிறும் பார்ப்பாள். மாலையானால் முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, சுருதிப்பெட்டியோடு என் பின்னால் வந்து உட்காருவாள். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார், அதற்காக அவள் பூவை விடவில்லை. வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு, ஒரே மகள் கவுசல்யா. நான் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய்த் தமிழ் படித்துவிட்டுக் கதை சொல்ல வந்தவள். மிருதங்கத்துக்குச் சின்னச்சாமி அண்ணன். இவ்வளவுதான் எங்கள் கோஷ்டி.

நட்டமில்லாத கதை

எங்கள் தொழிலில் கதை சொல்வது சுலபம். எந்தக் கதை என்று முடிவு செய்வதற்குள்தான் தலைமுடி நரைத்துவிடும். எனக்கு ராமாயணம் என்றால் உயிர். அவிநாசிப் பக்கம் ஒரு கோயில் கமிட்டித் தலைவரிடம் அதைச் சொன்னேன். சொந்தமாக நிட்டிங் மிஷின் போட்டிருப்பவர். காப்பி கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“ராமாயணம் அருமையான கதைதானுங்க. ஆனா அதுல வனவாசம் வருதுங்களே?”

“வராமல் எப்படிங்க?”

“இப்ப ஷிப்மென்ட் நேரமுங்க. இந்த நேரத்துல போயி நம்ம கோயில்ல வனவாசம்...” என்று இழுத்தார். சரி, பாரதம் சொல்லட்டுமா என்றேன். “பங்காளிச் சண்டையுங்க அது. நாங்க அண்ணந்தம்பி நாலு பேரும் ஒரே ஷெட்டுல கம்பெனி வெச்சிருக்கறமுங்க” என்றார். அரிச்சந்திரன் பெயரைச் சொன்னதும் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். நான் இறங்கிவந்து, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“வள்ளி திருமணமே சொல்லிப்போடுங்க பாகவதரம்மா. அதுலதானுங்க யாருக்கும் நட்டமில்ல.”

வெறும் உடம்போடு ஒரு மாப்பிள்ளை

இப்படித்தான் எங்கள் பிழைப்பு முழுக்க வள்ளி திருமணமாகப் போயிற்று. தினைப்புனத்தில் கிளியோட்டும் வேடர் வீட்டுப் பெண்ணை முருகன் கிழவன் வேடத்தில் வந்து மயக்கி, இரவோடிரவாகக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அப்பன் நம்பிராசனும் பங்காளிகளும் ஆயுதத்தோடு துரத்துகிறார்கள், வேலின் முன் செத்து விழுகிறார்கள், வள்ளி அழுது அவர்களை எழுப்புகிறாள். பிறகு பெற்றவர்கள் கையால் ஊரறியக் கல்யாணம். கல்லூரியில் இதைக் களவு என்றும் கற்பு என்றும் இரண்டு பாகமாகப் பிரித்துப் படித்தேன். எங்கள் ஊரில் இரண்டாவது பாகத்துக்குத்தான் கூட்டம் வரும்.

அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாராக நான் தாம்பூலத் தட்டை நீட்டுவேன். பெண்ணைப் பெற்றவளாக ராஜாமணி எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். வாங்கினால்தான் தாலி. வாங்கியபின் தாய் பாடும் பாட்டு ஒன்று உண்டு, நான் எழுதியது.

கிழங்கெடுத்த குழியிலே கிடைத்த என் மகளே,
கிளியோட்டக் கைவலித்த செல்ல மகளே,
கைபிடித்துத் தருகிறேன் கடம்பா உனக்கு, இவள்
கண்கலங்கினால் மலையேறி வந்து கேட்பேன்.

கடைசி அடியில் ராஜாமணி விரலை நீட்டி முருகன் படத்தை எச்சரிப்பாள். பெண்கள் பகுதியில் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். கதை முழுக்க அம்மா மடியில் சாய்ந்திருக்கும் சின்னக் கவுசல்யாவுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

தட்டில் ஊர்க்காரர்களும் சீர் வைப்பார்கள். வெற்றிலை, பழம், வேட்டி, சேலை. கணியூரில் ஒரு முறை, திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து வந்து ஒரு டஜன் வெள்ளை பனியனைப் பெட்டியோடு தட்டில் வைத்தார். மூலஸ்தானத்து முருகனுக்குப் பனியனா என்று பூசாரி திகைத்துப் பார்த்தார். பெரியவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“பழனியில கோவணத்தோட நிக்கறாருங்க, அது அவுரு இஷ்டம். நம்மூருக்கு மாப்பிள்ளையா வந்தும் வெறும் உடம்போட போனாருன்னா பேரு நமக்குத்தானுங்க கெடும்.”

அடிக்கட்டும்

கவுசல்யா வளர்ந்தாள். அம்மா வேலை பார்த்த கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே செந்தில் என்று ஒரு கட்டிங் மாஸ்டர், உடன்குடிப் பக்கத்துப் பையன். வேறு ஊர், வேறு ஆட்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போன இருவரும் திரும்பவில்லை. மாலையில் கவுசல்யா போன் செய்து, கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம், அவர் ஊருக்குப் போகிறோம் என்று சொன்னாள். ராஜாமணி போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் எங்களுக்குக் கதை இருந்தது. வேறென்ன, வள்ளி திருமணம்தான். வரமாட்டாள் என்று நினைத்தேன். பூ வைத்துக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறும்போது சொன்னாள்: “எல்லாம் பாடறனுங்கக்கா. தட்டு மட்டும் வேண்டாமுங்க.” அப்படியே நடந்தது. வள்ளி கிளியோட்டும்போது பாடினாள், யானையைக் கண்டு பயந்து கிழவனைக் கட்டிக்கொள்ளும்போது பாடினாள். தட்டு வரும் நேரத்தில் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்திலிருந்து ஓர் அம்மாளை அழைத்துத் தட்டைக் கொடுத்தோம். தாய்ப்பாட்டை நானே பாடினேன். என் குரலில் அது மனுக் கொடுப்பதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் இதே ஏற்பாடு. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ராஜாமணியின் போன். கவுசல்யா தினமும் கூப்பிடுவாள். கதை நடக்கும்போதும் கூப்பிடுவாள். சத்தத்தை அடக்கிவைத்திருந்தாலும் துணிப்பைக்குள் அது சுருதிப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டு உர் உர் என்று அதிரும். ராஜாமணி எடுக்கமாட்டாள். அந்த எண்ணைத் தடுத்துவைக்கவும் மாட்டாள். சின்னச்சாமி அண்ணனுக்குத் தாளம் குழம்பிப்போகும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

“ஏனுங்க ராஜாமணி, எடுக்கவும் மாட்டீங்கறீங்க, அணைக்கவும் மாட்டீங்கறீங்க. அப்புறம் எதுக்குங்க தெனம் சார்ஜு போட்டு எடுத்துட்டு வர்றீங்க?”

ராஜாமணி பையைத் தன் மடிப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“அடிக்கறதாவது கேக்கட்டுமுங்கண்ணா.”

ஒரு ஒடிசாப் பையனின் கேள்வி

எங்கள் கூட்டத்தில் இப்போதெல்லாம் பாதிப்பேர் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள். பிரசாதத்துக்கு வருகிறார்கள் என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். பொங்கல் வாங்கிக்கொண்டு போய்விடாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எனக்கு வேண்டியவன்தான். யானை வரும் கட்டத்தில் அவர்கள்தான் முதலில் கைதட்டுவார்கள். கிழவன் விக்கி விக்கித் தண்ணீர் கேட்கும்போது விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மொழி தெரியாதவனைச் சிரிக்கவைப்பது, தெரிந்தவனை அழவைப்பதைவிடப் பெரிய காரியம் என்பது என் அனுபவம்.

ஒருமுறை கதை முடிந்து சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். ஒடிசாப் பையன் ஒருவன் கையில் தொன்னையோடு வந்து நின்றான். ராஜாமணியை மரியாதையாகக் காட்டி, இவர்கள்தானே வள்ளியின் அம்மா, போன வருடம் வேறோர் ஊரில் பார்த்தேன் என்று அரைகுறையாகச் சொன்னான். அப்போது கவுசல்யா போயிருக்கவில்லை, ராஜாமணி தட்டு வாங்கினாள். இந்த முறை அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டான். மனத்தில் பட்டதை என்னிடம் கேட்டான்.

“அம்மாஜி, முருகன் அச்சா லட்கா, நல்ல பையன். வள்ளி குஷி. அப்புறம் மம்மிக்கு ஏன் கோபம்?”

நான் சிப்ளாக்கட்டையைத் துணியில் சுற்றுவதுபோல் பாவனை செய்தேன். ராஜாமணிதான் பதில் சொன்னாள்.

“கோபம் இல்லீங்க தம்பி. மம்மிக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்.”

தட்டு வாங்க ஆளில்லை

வேலம்பாளையத்துக் கதையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ராஜாமணியின் சொந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. பங்குனி உத்திரத்தை ஒட்டி ஏற்பாடு. கம்பெனி விடுமுறை, நல்ல கூட்டம். மேடைக்கு எதிரில் ஒரு குச்சியில் போனைப் பொருத்தி, ஊருக்கு வரமுடியாத சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று நேரலை விட்டிருந்தார்கள். கதையும் நன்றாகப் போயிற்று. நம்பிராசன் கூட்டம் எழுந்து நின்றது, நாரதர் சமாதானம் சொன்னார், மாப்பிள்ளை மாலையோடு காத்திருந்தார். நான் தட்டை எடுத்து, “வள்ளியைப் பெற்ற தாய் யாராவது இருக்கீங்களா?” என்று வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கூச்சம் என்று நினைத்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள், “என்னைக் கூப்பிடாதீங்கோ” என்று பக்கத்தில் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவள், “நம்மூட்டுலயும் வயசுக்கு வந்த புள்ள இருக்குதுங்க” என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வள்ளிக்குத் தாயாகத் தட்டு வாங்கினால் வாங்குகிறவளின் பெண் வீட்டைவிட்டு ஓடிப்போய்விடுவாள் என்று அந்தத் தெருக்களில் ஒரு பேச்சு முளைத்திருந்தது. அதற்குச் சாட்சியாக அவர்கள் காட்டியது யாரை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் என் பின்னால் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

கதையை அந்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. பெண் வந்தபின் கல்யாணம் நின்றுபோனால் ஊருக்கு ஆகாது. அதுவும் ஒரு நம்பிக்கை. கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பூசாரி தாலியோடு நின்றார். சின்னச்சாமி அண்ணன் சும்மா இருக்கமுடியாமல் மிருதங்கத்தில் கெட்டிமேளத்துக்கான சொல்லையே திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்குக் கை வலித்தது. தட்டில் பழம் அதிகம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் ஆத்தா மட்டும், “ஆம்பளைங்க யாராச்சும் வாங்குனா ஆகாதுங்களா?” என்று யோசனை சொன்னாள். ஆண்கள் பக்கம் உடனே பலர் செருப்பைத் தேடினார்கள்.

அப்போது பின்னால் பாய் நகரும் ஓசை. ராஜாமணி எழுந்து எனக்கு எதிரில் வந்து நின்றாள். மைக் நடுவில் இருந்ததால் அவள் மெல்லச் சொன்னதும் தெரு முழுக்கக் கேட்டது.

“எனக்குப் போக வேண்டியது போயாச்சுங்கக்கா. இனி இந்தத் தட்டு என்னை என்னங்க பண்ணிப்போடும்? குடுங்க.”

இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிக்கொண்டு, தட்டோடு நின்றபடியே பாடினாள். கிழங்கெடுத்த குழியிலே என்று ஆரம்பித்தபோது குரல் கொஞ்சம் தடுக்கியது. அவ்வளவு காலம் அந்தப் பாட்டு உள்ளே பூட்டிக் கிடந்ததல்லவா. இரண்டாம் அடியில் சரியாகிவிட்டது. கடைசி அடிக்கு வந்தபோது கையில் தட்டு இருந்ததால் விரலை நீட்ட முடியவில்லை. முருகன் படத்தைப் பார்க்கவும் இல்லை. நேரே கூட்டத்துக்கு அப்பால், குச்சியில் பொருத்திய போன் இருந்த திசையில் பார்த்து, கண்கலங்கினால் மலையேறி வந்து கேட்பேன் என்று பாடினாள். ஏன் அங்கே பார்த்தாள் என்று பிறகு கேட்டேன். எங்கே பார்த்தேன் என்றே தெரியாது என்றாள். நம்புகிறேன். எழுதியவள் நான்; ஆனால் அந்த அடிக்கு அர்த்தம் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கெட்டிமேளம் முழங்கியது. நான் வாழ்த்துப் பாட மறந்து நின்றேன்.

கூட்டம் கலையும்போது, முன்வரிசையில் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அந்த அம்மாள் மேடையோரம் வந்தாள். ராஜாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“எங்கூட்டுப் பெரிய புள்ளையும் போயிருச்சுங்கக்கா, வெளிய சொல்லல. அவளுக்கும் சேத்து வாங்கிட்டீங்கன்னு நெனச்சுக்கறனுங்க.”

கருப்பட்டியோடு வந்தவர்கள்

மறுநாளைக்கு மறுநாள் காலையில் ராஜாமணி போன் செய்தாள். “அக்கா, கொஞ்சம் ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா?” அவ்வளவுதான். குரலில் சுருதி இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். லைன் வீட்டு வாசலில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. உள்ளே தரையில் செந்தில் உட்கார்ந்திருந்தான். சுவரோரம் கவுசல்யா, நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் வயிற்றோடு. ராஜாமணி அடுப்பங்கரைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று டம்ளரில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தன.

செந்தில்தான் விஷயத்தைச் சொன்னான். வேலம்பாளையத்துப் பழைய சினேகிதி ஒருத்தி நேரலையைக் கவுசல்யாவுக்கு அனுப்பியிருக்கிறாள். “நீங்க தட்டு வாங்குனத ரெண்டு பேரும் போன்ல பாத்தோம் அத்தே. இதுக்கு மேலயும் வராம இருந்தா மருவாதி இல்லேன்னு பஸ் ஏறிட்டோம்” என்றான்.

ராஜாமணி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். “அது சாமிக்கு வாங்குனதுன்னு சொல்லுங்கக்கா.”

நான் வாய் திறக்குமுன் அவனே பதில் சொன்னான். நல்ல பையன். பாடத் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவன்.

“சாமிக்குத்தான் அத்தே, தெரியாம இல்ல. எங்களுக்குன்னு யாரும் ஒரு தட்டும் நீட்டலியே. அதுலயே ஒரு ஓரமா எங்களையும் சேத்துக்கிடுங்க.”

ராஜாமணியின் பிடி கதவு நிலையில் கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தோன்றியது. புராணம் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. நாரதரைப் போல ஏதாவது சொல்லலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். கவுசல்யா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“கண்ணு கலங்குனா மலையேறி வந்து கேப்பேன்னு ஊரூராப் பாடுவியே அம்மா. இத்தன நாளா நான் கலங்கிட்டுத்தான் கெடந்தேன். நீ ஒருக்காக்கூட வந்து கேக்கலியே?”

சுருதி தப்பாத பெட்டி

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். ஆனால் ராஜாமணியின் வீடு ஒற்றை அறை. செந்திலுக்கோ அம்மா இல்லை, அங்கே வீடு இருக்கிறது. ஆகவே பெண் தாய்வீட்டுக்கு வராமல், தாய் பெண்வீட்டுக்குப் போனாள். பேருந்து நிலையத்தில் நான்தான் வழியனுப்பினேன். சுருதிப்பெட்டியை என்னிடம் கொடுத்து, “தூசி படாம வெய்ங்க, கொழந்த தலை நின்னதும் வந்தர்றனுங்கக்கா” என்றாள். பேருந்து நகர்ந்தபோது ஜன்னல் வழியே கை ஆட்டினாள். எவ்வளவு அழகாக இருந்தாள் என்றால், இவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குழந்தைக்குத் தலை நின்றது. பிறகு தவழ்ந்தது. பிறகு பல் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதம் என்றாள். நான் வேறு பெண்களை வைத்துப் பார்த்தேன். ஒருத்தி என்னை முந்திக்கொண்டு பாடுவாள். ஒருத்தி அடியை எடுப்பதற்குள் நானே இரண்டு முறை பாடி முடித்துவிடுவேன். கடைசியில் சின்னச்சாமி அண்ணன் யோசனைப்படி, பின்பாட்டைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு பாட்டுப்பெட்டியை வாங்கினோம். பட்டனைத் தட்டினால் பாடும். மேடையில் அதற்கு நாற்காலி போட்டு, கமிட்டிக்காரர்கள் ஒரு முறை அதற்கும் துண்டு போர்த்தினார்கள். நேற்று சாமளாபுரம் பக்கம் ஒரு கோயிலில் வயதின் காரணமாக ஓர் அடியை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி தன் பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் ஆறுதலாகச் சொன்னார்.

“பொட்டி சுருதி தப்பாதுங்க அம்மிணி. நாம தப்புனா அதுக்குத் தெரியாது, அதுதானுங்க சங்கடம்.”

போன வாரம் ராஜாமணியிடம் பேசினேன். எடுத்ததும், “என்னக்கா, சாப்ட்டியளா?” என்றாள். அவள் பேச்சில் எங்கள் ஊரின் ‘ங்க’ எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. கடற்கரைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அங்கே பாடுகிறாயா என்று கேட்டேன். “நேரம் எங்கக்கா இருக்கு?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பெற்றவளும் கூடவே போய்விடுவாள் என்று எந்தப் புராணத்திலும் எழுதிவைக்காததால் முன்னெச்சரிக்கை இல்லாமல் போன என்னை இங்கே விட்டுவிட்டு, ராஜாமணி இப்போது உடன்குடியில் மருமகன் போட்டிருக்கும் சின்ன நைட்டி யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள்.